பொன்னேரியில் முதல் தேன்பெட்டி

மாசியில் பொன்னேரி வட்டாரத்து மாமரங்கள் பூ உதிர்த்துப் பிஞ்சு விடத் தொடங்கும். பங்குனியில் புங்கன் பூத்துத் தரையெல்லாம் சிதறும். அதை ஒட்டியே வேம்பும் பூக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்காக வேப்பம்பூ பறிக்கப் போகிறவர்கள் மரத்தடியில் நின்றாலே தேனீக்களின் ரீங்காரம் கேட்கும். வீட்டுத் தோட்டத்தில் ஒரு தேன்பெட்டி வைக்கலாமா என்ற எண்ணம் பல குடும்பங்களுக்கு வருவது இந்தப் பருவத்தில்தான்.

அந்த எண்ணத்தோடு வரும் முதல் கேள்வி, எவ்வளவு தேன் கிடைக்கும் என்பது. அதற்கு விடை தேடும் முன், தேனீ எதற்காகத் தேன் சேர்க்கிறது, பெட்டி அதற்கு எப்படி உதவுகிறது, பொன்னேரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடைப்பட்ட நிலம் அதற்கு என்ன தர முடியும் ஆகிய மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் தேனீ. நம் ஊர்களில் பல வகைத் தேனீக்கள் உண்டு. தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஆலமரக் கிளையிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. வேலிப்புதரில் கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. இவை இரண்டும் திறந்த வெளியில் வாழ்பவை. பெட்டிக்குள் வைத்தால் தங்காது. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் இருட்டில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டி வாழ்வது இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். இருட்டான பொந்து அதற்குப் பழகிய வீடு என்பதால் மரப்பெட்டியையும் ஏற்றுக்கொள்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயையும் பெட்டியில் வளர்க்கலாம். ஆனால் அதற்குத் தீவனம் அதிகம் வேண்டும். பூக்கும் இடம் தேடி ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் தொழில்முறை வளர்ப்பாளர்களுக்கு அது பொருந்தும். முதல் பெட்டிக்கு இந்தியத் தேனீயே போதும்.

ஒரு கூட்டில் ராணி ஒன்றுதான். முட்டையிடுவது அதன் வேலை. ஆண் தேனீக்கள் சில நூறு இருக்கும். மற்ற ஆயிரக்கணக்கானவை பணித் தேனீக்கள், எல்லாம் பெண். இளம் பணித் தேனீ புழுக்களுக்கு உணவூட்டும், பிறகு மெழுகு சுரந்து அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். கடைசிக் காலத்தில்தான் வெளியே பறந்து பூக்களைத் தேடும். பூக்கும் பருவத்தில் அதன் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம். அந்த உழைப்பிலேயே சிறகு தேய்ந்து இறந்துவிடும்.

பூவில் ஊறும் இனிப்பு நீருக்கு மதுரம் என்று பெயர். அதில் பெரும்பகுதி தண்ணீர். தேனீ அதை வயிற்றுப் பையில் கொண்டுவந்து வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் ஊற்றிச் சிறகால் விசிறி நீரை வற்ற வைக்கிறது. நீர் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் அறையை மெழுகால் மூடிவிடும். அப்போதுதான் அது தேன். இவ்வளவும் பூ இல்லாத மாதங்களில் சாப்பிடுவதற்காக. நாம் எடுப்பது அந்தச் சேமிப்பில் மிஞ்சுவதை மட்டுமே. மிச்சம் இல்லாத ஆண்டில் எடுத்தால் கூடு பட்டினி கிடக்கும்.

இனி பெட்டி. மேல்மூடியைத் திறந்தால் சட்டங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் தேனீ ஓர் அடை கட்டும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் சூட்சுமம் இருக்கிறது. தேனீ நடந்து போகும் அளவுக்கு மட்டும் இடம் விட்டால் அதை வழியாக வைத்துக்கொள்ளும். அகலம் கூடினால் அங்கேயும் அடை கட்டி எல்லாவற்றையும் ஒட்டிவிடும். 1851இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் இதைக் கவனித்துப் பெட்டியில் பயன்படுத்தினார். அதுவரை பெரும்பாலும் தேன் எடுப்பதென்றால் கூட்டைப் பிய்ப்பதுதான். இந்தியத் தேனீ உருவில் சிறியது, அதன் இடைவெளியும் சற்றுக் குறைவு. அதற்கேற்றபடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த சிறிய பெட்டி இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

நியூட்டன் பெட்டியில் கீழே இருப்பது புழு அறை. ராணி முட்டையிடுவதும் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். மேலே வைக்கும் உயரம் குறைந்த அடுக்கு தேன் அறை. வளர்ப்பவர் தேன் அறையில் மட்டும் கை வைக்க வேண்டும். மெழுகு மூடியைச் சீவிவிட்டு, சட்டத்தைத் தேன் எடுக்கும் எந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் தேன் வெளியே தெறிக்கும். அடை உடையாது. அதே அடையைத் திரும்ப வைத்தால், புதிதாக மெழுகு சுரக்கும் வேலை தேனீக்கு மிச்சமாகும்.

பெட்டியைத் திறக்கும்போது பார்க்க வேண்டியது என்ன? தென்னை நார்ப் புகையை வாசலில் இரண்டு மூன்று முறை ஊதிவிட்டு, நடுச் சட்டம் ஒன்றை மெதுவாக மேலே தூக்குங்கள். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அடையில் விழும்படி நில்லுங்கள். அறைகளின் அடியில் வெள்ளை நூல் துண்டுகள் போல முட்டைகள் நிற்கும். அறைக்கு ஒரு முட்டை என்று இருந்தால், ராணி கண்ணில் படாவிட்டாலும் கூட்டில் நலமாக இருக்கிறது என்று பொருள். முட்டைகளை அடுத்துப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். அதையடுத்து மூடிய அறைகள். மேல் விளிம்பில் வளைவாக மகரந்தமும் தேனும். இந்த ஒழுங்கு கலைந்திருந்தால் ஏதோ கோளாறு. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அடிக்கடி திறந்தால் தேனீக்குத் தொந்தரவு.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பொன்னேரி வட்டாரத்துக்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் இரை தேடும். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 775 ஏக்கர். ஆரணி ஆற்றையொட்டிய உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் பெட்டி வைத்தால் 775 ஏக்கரும் நிலம்: வேம்பு, புங்கன், தென்னை, முருங்கை, புளி, வேலியோரச் சீமைக்கருவேல், காய்கறித் தோட்டம். அதே பெட்டியை ஏரிக்கரையில் வைத்தால் வட்டத்தில் பாதி உப்புநீர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் குப்பங்களில் இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவில் சில தென்னைகளும் பனைகளும்தான். ஏரியோரத்து அலையாத்தி மரங்கள் பூக்கும்போது தேனீ அங்கே போகும். ஆனால் பழவேற்காட்டில் அவை அங்கங்கே சிறு திட்டுகளாகவே இருக்கின்றன. சுந்தரவனத்தில் அலையாத்திக் காட்டுத் தேன் கிடைக்கிறது என்பதை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

பூவுக்கு அடுத்தபடியாக இடத்தில் பார்க்க வேண்டியது நல்ல தண்ணீர். புழு அறையின் சூட்டைத் தேனீக்கள் 35 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் தண்ணீர் கொண்டுவந்து அடைமேல் தெளித்துச் சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கும். உப்புநீர் அதற்கு உதவாது. அகலமான மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, தேனீ உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல்லோ தேங்காய் நாரோ போட்டு வைப்பது அன்றாட வேலை. வீட்டில் இருக்கும் பிள்ளைகள் அதை விருப்பமாகவே செய்வார்கள். பெட்டி மரநிழலில், கடற்காற்று நேரே வாசலில் அடிக்காதபடி இருக்கட்டும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, வெயில், பட்டினி இவற்றில் எது மிஞ்சினாலும் இந்தியத் தேனீ மொத்தக் கூட்டமாகப் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

காலமும் முக்கியம். புங்கனும் வேம்பும் பூத்த பிறகு கூடு வாங்குகிறவர்கள் தாமதமாக வாங்குகிறார்கள். மழை நின்று தை பிறந்ததும் கூட்டைக் கொண்டுவந்தால், மாசியில் குஞ்சுகள் பெருகும், பங்குனிப் பூவுக்கு உழைக்க ஆள் தயாராக இருக்கும். கூட்டம் நெருக்கமாகிவிட்டால் பழைய ராணி பாதித் தேனீக்களோடு பிரிந்து போகும். புழு அறையின் அடை விளிம்பில் நீளமான ராணி அறைகள் தொங்கத் தொடங்கினால் அதற்கு அறிகுறி. கூட்டைப் பிரித்து இரண்டாவது பெட்டி வைப்பதற்கு ஏற்ற நேரமும் அதுவே. சித்திரையில் தேன் எடுக்கலாம். புளி பூக்கும் வைகாசி, ஆனியில் இன்னும் கொஞ்சம் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களும் இதற்குள் வருவதால், அவற்றில் வேலை செய்பவர்களின் வீட்டில் பெட்டியைக் கவனிக்க ஆள் இருக்கும்.

கடினமான காலம் பிறகு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்தால் தேனீ வெளியே பறக்க முடியாது. பறந்தாலும் பூ இல்லை. சித்திரையில் முழுவதையும் பிழிந்து எடுத்தவர்களின் பெட்டி கார்த்திகையில் காலியாக இருக்கும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகு வைத்துக் கூட்டைக் காப்பாற்றலாம். ஆனாலும் கூட்டின் சொந்தத் தேனை விட்டுவைப்பதே சிறந்தது. புயல் வழியில் இருக்கும் பகுதி இது. 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வெள்ளம் தொடாத உயரத்தில் பெட்டியை வையுங்கள்.

தேன் என்றதும் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தை உதாரணம் காட்டுவது வழக்கம். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தில், ஸ்பென்சர் ஹேட்ச் முன்னெடுத்த வீட்டுத் தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அது வேரூன்றி நிலைத்ததற்குப் பயிற்சி ஒரு காரணம், ரப்பர் தோட்டங்கள் இன்னொரு காரணம். ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியிலேயே மதுரம் சுரக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே நேரத்தில் சுரக்கும். பொன்னேரியில் ரப்பர் இல்லை. எனவே குமரி மாவட்டத்து விளைச்சலை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அதே மார்த்தாண்டத்தில் 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவியது. புழுக்கள் நீர் கோத்த பைகளாகிச் செத்தன, பெரும்பாலான கூடுகள் அழிந்தன. எங்கிருந்தோ வரும் கூட்டை நோய் பார்க்காமல் வாங்குவதில் உள்ள ஆபத்து இது.

பூச்சிமருந்தையும் சொல்ல வேண்டும். நெற்பூவில் மதுரம் கிடையாது. ஆனால் மகரந்தத்துக்காகத் தேனீ நவரை நெல் வயலுக்கும் போகும், அதுவும் காலை வேளையில். பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே பேசி, மருந்தடிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வது நல்லது. தேனீ கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தால் போதும். ஆனால் மூச்சு முட்டினாலோ முகம், நாக்கு வீங்கினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு என் கருத்து இது. பொன்னேரியைச் சுற்றிய உள்நாட்டுக் கிராமங்களில் மரமும் நல்ல தண்ணீரும் உள்ள வீட்டுக்கு ஒரு பெட்டி பொருந்தும். ஆண்டுக்குச் சில கிலோ தேன், தோட்டத்துக் காய்களில் கூடுதல் பிடிப்பு, பிள்ளைகள் அருகிலிருந்து கற்கும் ஓர் உயிரியல் பாடம், இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். மீன்பிடி வருமானத்துக்கு அது ஈடாகாது. மணல்திட்டுக் குப்பங்களில் பெட்டி வைக்க நான் சொல்ல மாட்டேன்.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். இந்தப் பங்குனியில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து, பூத்திருக்கும் வேம்பையும் புங்கனையும் எண்ணிப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் திரூரில் இருக்கிறது. தேனீ வளர்ப்புப் பயிற்சி பற்றி அங்கே கேளுங்கள். கூட்டை அடுத்த தையில் வாங்கிக்கொள்ளலாம்.