குழப்படிக்காரி எலோயிஸ்

குழப்படிக்காரப் பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? அது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும்வரை!

ஆறு வயது எலோயிஸ் அப்படியான ஒருத்தி. கே தொம்சன் எழுத, ஹிலாரி நைட் படம் வரைந்து, 1955 இல் அமெரிக்காவில் வெளிவந்த படப் புத்தகத்தின் நாயகி. நியூயோர்க் நகரின் பிளாசா ஹோட்டலில் மேல்மாடியில் வசிக்கிறாள். லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடுவாள். கடிதம் போடும் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றுவாள். அழைக்காத வைபவங்களுக்குள்ளும் நுழைவாள். வளர்ந்தவர்களுக்கென வெளியிட்ட இந்நூலைப் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்டனர். இன்றும் அது விற்பனையாகிறது.

குழப்படி மட்டுமா காரணம்? கதையில் தந்தையைப் பற்றிய பேச்சே இல்லை. தாயோ எங்கோ பயணத்தில். துணைக்கு ஆயாவும், ஒரு நாயும், ஓர் ஆமையும்தான். பணத்துக்குக் குறைவில்லை, தாயின் மடிதான் இல்லை. நூல் இதைச் சொல்லி நம்மை அழவைப்பதில்லை. அவளைத் திருத்தவும் முயல்வதில்லை. அதனால் சிறுவர் அவளது சுதந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கின்றனர். அதே பக்கத்தில் தாய்மார் அவளது தனிமையைக் காண்கின்றனர்.

சகோதரிகளே, பிள்ளையின் குழப்படிக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு கேள்வி இருக்கிறது: "என்னைப் பார்க்கிறீர்களா?" ஏசுவதற்கு முன், இன்று அவளோடு யார் இருந்து பேசினார்கள் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.