நாற்சார் வீட்டை இடிப்பவர் யார்?

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளைப் போர் அழித்தது என்று எழுதியும் பேசியும் வருகின்றோம். அதில் உண்மை உண்டு. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்ட வீடுகள் பல, உரியவர்கள் மீண்டபோது அத்திவாரமாகவே எஞ்சியிருந்தன. ஆனால் 2009இன் பின்னர் இடிக்கப்பட்டுவரும் வீடுகளுக்கு எந்தப் படையின் மீது பழிபோடப் போகின்றோம்? குண்டுக்குத் தப்பியவற்றை இன்று இடிப்பவர்கள் எம்மவர்களே.

நடுமுற்றம், அதனைச் சூழ்ந்த தாழ்வாரம், வழிப்போக்கருக்கென்றே வைத்த திண்ணை, சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த தடித்த சுவர், வைரமேறிய பனைமரக் கூரை, பீலி ஓடு. மின்விசிறி வருமுன்னரே எம் வெயிலுக்கு விடை கண்ட வீடு அது. அதனை இடித்துவிட்டுத் தட்டைக் கொங்கிறீற் கூரையின் கீழ்க் குளிரூட்டியைப் பொருத்திக்கொள்வதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

பழைய வீட்டைப் பேண முடியாது, செலவு தாங்காது என்பது இவர்களின் முதல் வாதம். சுண்ணாம்புச் சுவரின் மீது சீமெந்தைப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். பிழையான வைத்தியத்தைச் செய்துவிட்டு நோயாளியைக் குறை கூறுவது என்ன நியாயம்? மாரிக்கு முன்னர் ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து வந்த தலைமுறை எம்மிலும் செல்வம் மிக்கதாக இருக்கவில்லை.

பங்காளிகள் பல நாடுகளில் சிதறியிருக்கின்றனர் என்பது இரண்டாவது வாதம். விற்பதற்கான அற்றோர்ணித் தத்துவம் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விரைந்து வந்து சேருகின்றது. திருத்துவதற்கான ஒப்புதல் மட்டும் வருவதேயில்லை!

சட்டம் காக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாகக் கொண்டது. அதற்குப் பிற்பட்ட கட்டடத்தைக் காப்பதற்குத் தனியான அறிவித்தல் வேண்டும். ஆகவே எம் வீடுகள் பெரும்பாலானவற்றுக்கு உரித்தாளரைத் தவிர வேறு காவலர் இல்லை.

கழற்றப்படும் கதவுகளும் தூண்களும் எங்கே போகின்றன? பழம்பொருள் வியாபாரி வழியாகத் தெற்குக்குப் போகின்றன. எம் ஊர்த் தூண் ஒன்று கொழும்பு விடுதியொன்றின் வரவேற்பறையில் எதனையும் தாங்காமல் அலங்காரமாக நிற்பதைக் கண்டிருக்கின்றேன். 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கு நடுமுற்றத்துடன் கூடிய வீடொன்றைக் கட்டினார். பின்னாளில் அக்காணி கைமாறியபோது அவ்வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீண்டும் எழுப்பினார்கள். அவர்களும் கழற்றினார்கள், நாமும் கழற்றுகின்றோம். வேறுபாடு விளங்குகின்றதல்லவா?

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒன்று சொல்வேன். ஊரில் வீடு வாங்கும் எண்ணம் இருப்பின், வெறுங்காணி தேடாதீர்கள். நிற்கின்ற நாற்சார் வீடொன்றை வாங்குங்கள். குளியலறையையும் மின்னிணைப்பையும் புதிதாக்குங்கள், முற்றத்தை மூடாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர்கள் உயிரோடிருக்கையில் இளையவர் ஒருவரையேனும் அவர்களிடம் பழக விடுங்கள்.

1981இல் எம் நூலகத்தை எரித்தவர்களிடம் இன்றும் கணக்குக் கேட்கின்றோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் எம் கையாலேயே இடித்த வீடுகளுக்கான கணக்கை எம் பிள்ளைகள் எம்மிடமே கேட்பார்கள்.