தொண்டையைக் காப்பாத்துங்க; குரலை மாத்தாதீங்க!

தெருக்கூத்துக்காரருக்கு மூலதனம் எது? கிரீடமா? சலங்கையா? இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக்குக் கிடைக்காத சரக்கு ஒன்றுதான்... தொண்டை!

பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து. இரவு தொடங்கினால் விடியும் வரை பாட்டு, வசனம், ஆட்டம். தொண்டை கட்டினால் அன்றைய கூலி போச்சு. சீசன் நடுவில் கட்டினால் வருஷமே போச்சு!

ஆகவே நாட்டுப்பாட்டுக்காரர்களுக்கும் கூத்துக்காரர்களுக்கும் குரல் பயிற்சிப் பட்டறை நடத்துவது நல்ல காரியம். சபாஷ்! ஆனால் அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நகரில் அப்படி ஒரு பட்டறையை எட்டிப் பார்த்தேன். பாட்டு வாத்தியார் நல்ல மனிதர்தான். ஆனால் எடுத்த எடுப்பில் சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து சரளி வரிசை ஆரம்பித்துவிட்டார். அறுபது வயதுக் கூத்துக்காரர் எழுந்து சொன்னார்: "சார், மூச்சை எங்க புடிக்கணும், எங்க விடணும், அதைச் சொல்லிக் குடுங்க. காலுல விழுந்து கத்துக்கறேன். குரலை மட்டும் மாத்தாதீங்க. மாத்திட்டா ஊர்ல என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது!"

அவர் கேட்டதில் என்ன தப்பு?

ஏன் இவ்வளவு உச்சம்?

கூத்தில் ஊதும் முகவீணை, சின்னக் குழல். சத்தமோ உச்சத்தில் இருக்கும். அதோடு சேர்ந்து பாட குரலும் மேலே ஏறத்தான் வேண்டும். மேடையோ திறந்த வெளி. கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். மைக் வராத காலத்தில் எஸ்.ஜி.கிட்டப்பா நாடக மேடையில் உச்சத்தில் பாடியதும் இந்தத் தேவைக்காகத்தான். அது குறை இல்லை. அந்தக் கலையின் இலக்கணம்!

சரி, இப்போதுதான் மைக் வந்துவிட்டதே, இன்னும் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்? ஒலிபெருக்கி எல்லாம் ஜனங்களைப் பார்த்து இருக்கிறது. பாடுகிறவர் காதில் விழுவது மிருதங்கமும் கூட்டத்தின் இரைச்சலும்தான். தன் குரல் தனக்கே கேட்பதில்லை! டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் பேசிப் பாருங்கள். உங்களை அறியாமல் குரல் உயரும். லொம்பார்டு என்ற பிரெஞ்சு டாக்டர் 1911லேயே இதை எழுதி வைத்தார்.

தொண்டைக்குள் நடப்பது

தொண்டையில் இரண்டு மெல்லிய மடிப்புகள். சாதாரணமாகப் பேசும்போதே ஆணுக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண்ணுக்கு இருநூறு தடவை போல மோதிக்கொள்கின்றன. உச்சத்தில் பாடினால் இன்னும் பல மடங்கு. ஓய்வில்லாமல் அழுத்தினால் வீங்கும். அப்புறம் மண்வெட்டி பிடித்த கை மாதிரி காய்த்துப் போகும். குரல் கம்மிவிடும்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் ஓய்விலும் பயிற்சியிலும் பெரும்பாலும் சரியாகும். பாடுமுன் குரலை மெல்லச் சூடேற்றுவது, அடிக்கடி தண்ணீர் குடிப்பது, மைக்கை வாய்க்கு அருகே பிடிப்பது, பீடியும் சாராயமும் விடுவது, கட்டிய தொண்டையோடு பாடாமல் இருப்பது... இவைதான் பாடம். கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.

"போன தலைமுறை எந்தப் பட்டறைக்குப் போச்சு?" என்று கேட்பார்கள். குரல் தாங்கியவர்களை மட்டுமே நாம் கேட்டோம். நாற்பது வயதில் குரல் போய்க் களையெடுக்கப் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

செய்ய வேண்டியது

பட்டறை நடத்துவோர் முதலில் ஒரு முழு ராத்திரி கூத்துப் பாருங்கள். பாட்டு வாத்தியார் பக்கத்தில் தொண்டை டாக்டரையும், பழுத்த கூத்து வாத்தியாரையும், மைக்செட்காரரையும் உட்கார வையுங்கள். வந்தவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். வேலையை விட்டுத்தானே வருகிறார்கள்?

2007ல் தொடங்கி, இடையில் நின்று, 2023ல் மீண்டும் வந்த சென்னை சங்கமம் போன்ற விழாக்களில் கிராமத்துக் குரலுக்கு நாம் கை தட்டுகிறோம். நல்லது. கைதட்டலோடு இன்னும் ஒன்று சேரட்டும். மேடைக்கு மேடை ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைப் பாடுகிறவர் பக்கம் திருப்பி வையுங்கள். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வையுங்கள்.

பந்தல் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அதில் எரியும். செய்வார்களா?