விருந்தவையும் ஓர் அமானிதமே



ஆண்டின் இறுதி நெருங்கினாலும், பொங்கல் வந்தாலும், நோன்புப் பெருநாள் கழிந்தாலும் அலுவலகங்களில் விருந்தும் விழாவும் நடைபெறுவது வழக்கமாகிவிட்டது. மேலதிகாரி முதல் கடைநிலை ஊழியர் வரை ஒரே கூடத்தில் கூடி, உண்டு, உரையாடிப் பிரிகின்றனர். இத்தகைய அவைகளுக்குச் செல்லலாமா, சென்றால் எதை உடுத்துவது, எவ்வாறு நடந்துகொள்வது என்று நம் இளைஞர்கள் வினவுகின்றனர். சிலர் மார்க்கப் பற்றின் பெயரால் கசங்கிய ஆடையோடும் கடுகடுத்த முகத்தோடும் மூலையில் ஒதுங்கி நிற்கின்றனர். வேறு சிலரோ, விழா என்றதும் நாணத்தையும் நிதானத்தையும் காலணியோடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் சன்மார்க்கம் காட்டிய வழியல்ல.

பிற சமயத்தாரின் வழிபாட்டில் பங்குகொள்வது வேறு. உடன் பணிபுரிவோரின் மகிழ்ச்சியில் பங்குகொள்வது வேறு. நம்மோடு பகைமை கொள்ளாதவர்களிடம் நன்மையும் நீதியும் பேணி நடப்பதை இறைவன் தடுக்கவில்லை என்று திருமறையின் 60-ஆவது அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. ஆகவே, அழைப்பை ஏற்றுச் செல்லுங்கள். செம்மையாக உடுத்தியே செல்லுங்கள். ஆனால், உங்கள் உடையினாலோ நடத்தையினாலோ அந்த அவையிலுள்ள எளியவர் எவருடைய உள்ளமேனும் நோகுமா என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். அதுவே உரைகல்.

நன்றாக உடுத்துவது தக்வாவுக்கு மாறானது என்று எண்ணுவோர் ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் எளிய, நைந்த ஆடையுடன் வந்தார். உம்மிடம் செல்வம் இருக்கிறதா என்று பெருமானார் வினவினார்கள். ஒட்டகமும் ஆடும் குதிரையும் உண்டு என்றார் அவர். அங்ஙனமாயின், இறைவன் அளித்த அருளின் அடையாளம் உம்மிடம் காணப்படட்டும் என்று அறிவுறுத்தினார்கள். மற்றொரு சமயம், அழகிய ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று தோழர் ஒருவர் ஐயுற்றபோது, பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என விளக்கினார்கள். பெருமை துணியில் இல்லை. பிறரை நோக்கும் பார்வையில் இருக்கிறது!

உடைக்கு வரம்பும் உண்டு. அலங்காரத்தை அனுமதித்த அதே திருவசனத்தில் (7:31) வீண்விரயத்தையும் இறைவன் தடுத்துள்ளான். பட்டும் பொன்னும் ஆண்களுக்கு விலக்கப்பட்டுள்ளன. ஊரார் கண்கள் தன்மீதே படவேண்டும் என்ற நோக்கோடு உடுத்துவதும் கண்டிக்கப்பட்டுள்ளது. நாணம் பற்றிப் பேசும்போது பெண்களை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது நம்மவர் வழக்கம். ஆனால், சூரத்துன் நூரில் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் பணிக்கப்பட்டவர்கள் ஆண்களே. பெண்களுக்கான கட்டளை அதற்கடுத்த வசனத்தில்தான் வருகிறது. இந்த வரிசையை நம் ஆண்மக்கள் மறக்கலாகாது.

இன்று பல அலுவலகங்களில் ஒரு வழக்கம் பரவியுள்ளது. பொங்கல் விழாவுக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் சேலையோ, வேட்டி சட்டையோ உடுத்தி வரவேண்டும் என்று முடிவு செய்கின்றனர். பார்வைக்கு அழகுதான். ஆனால், மாதக் கடைசியில் பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் தற்காலிகப் பணிப்பெண்ணின் நிலை என்ன? அவள் கடன் வாங்கிப் புடைவை எடுக்க வேண்டும். அல்லது உடல்நலமில்லை என்று பொய் கூறி அன்று விடுப்பு எடுக்க வேண்டும். ஒருத்தியைக் கடனாளியாகவோ பொய்யுரைப்பவளாகவோ ஆக்கும் ஒற்றுமை என்ன ஒற்றுமை? உள்ளதில் தூய்மையானதை உடுத்தி வாருங்கள் என்று சொன்னால் விழாவின் அழகு குறைந்துவிடுமா?

உடையை வைத்து மனிதரை அளப்பது எவ்வளவு பேதைமை என்பதற்கு நம் தலைநகரமே சான்று. 2014 ஜூலையில், சென்னையில் நூல் வெளியீட்டு விழா ஒன்றிற்கு வேட்டியுடுத்திச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் கிரிக்கெட் சங்க மன்றத்தின் வாசலிலேயே தடுக்கப்பட்டார். அதன் பின்னர், அவ்வாறு தடுக்கலாகாது என்று அதே ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் சட்டமே இயற்ற நேர்ந்தது. நீதிபதிக்காகச் சட்டமன்றம் பேசிற்று. பழைய சேலையோடு வந்து, கூடத்துக்குள் நுழையக் கூசி நிற்கும் துப்புரவுப் பணியாளருக்காக யார் பேசுவது?

செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தே உணவுகளில் மிகக் கெட்டது என்னும் கருத்தை, அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் மேசையைத் துடைக்க மட்டும் அழைக்கப்பட்டு, எஞ்சியதை உண்ணும் அலுவலக விருந்து எவ்வகையைச் சேர்ந்தது? தையற்காரர் ஒருவர் அழைத்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் மறுக்காது சென்று, வாற்கோதுமை ரொட்டியையும் சுரைக்காய் ஆணத்தையும் உவந்து உண்டார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. நாமோ பிரியாணியில் உப்புக் குறைவென்று சமையற்காரர் காதுபடவே பேசுகிறோம்!

மது பரிமாறப்படும் மேசையில் அமர்வது நமக்குத் தடுக்கப்பட்டுள்ளது. அந்நிலையில் கூச்சலிட வேண்டுவதில்லை. உபதேசம் செய்யவும் வேண்டுவதில்லை. இன்முகத்தோடு விடைபெற்று எழுந்துவிடுங்கள். உங்கள் கண்ணியமான மௌனம் நீண்ட சொற்பொழிவைவிட வலிமையுடையது.

அடுத்து நாவு. மூவர் கூடியிருக்கையில் ஒருவரை விட்டு இருவர் இரகசியம் பேசலாகாது, அது மூன்றாமவரை வருத்தும் என்பது நபிமொழியின் கருத்து. ஒருவருக்கு விளங்காத மொழியில் அவர் எதிரிலேயே பேசிச் சிரிப்பதும் இதனைப் போன்றதே. விளையாட்டு என்ற பெயரில் ஒருவரின் நிறத்தையும் பருமனையும் பேச்சுத் திக்கலையும் கேலி செய்வது, திருமறை 49:11-இல் விலக்கப்பட்ட செயல். அவைகள் அமானிதமாகும் என்பதும் நபிகளாரின் போதனையே. அங்கு கேட்டதையும் கண்டதையும் வெளியே பரப்புவது அமானித மோசடி. கைப்பேசியில் பிறர் அறியாது படமெடுத்து நாலு பேருக்கு அனுப்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும். ஒரு பெண் தன் சக ஊழியரை நம்பியே அந்த அவைக்கு வருகிறாள். அந்த நம்பிக்கையும் அமானிதமே. விருந்து அலுவலகத்துக்கு வெளியே நடந்தது என்ற சமாதானமும் செல்லாது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலினின்று காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியின் பொருட்டு அவர்கள் செல்லும் இடங்களையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கொள்கிறது. நாட்டின் சட்டம் காணாத இடத்தையும் காண்பவன் இறைவன் என்பதை முஃமின் அறிவான்.

உணவு முடிந்ததும் பேச்சில் மூழ்கி விருந்தளிப்போரைச் சங்கடப்படுத்தாமல் கலைந்து செல்ல வேண்டும் என்ற ஒழுக்கத்தையும் திருமறை (33:53) கற்பிக்கிறது. விழா முடிந்தபின் பந்தலைப் பிரித்து, எச்சில் இலையை எடுத்து, கூடத்தைக் கூட்டிய பின்னரே வீடு திரும்புவோர் சிலர் உண்டு. நாம் ஒரு மணி நேரம் தாமதித்தால், அவர்களின் கடைசிப் பேருந்து போய்விடும்.

சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! அடுத்த விழாவுக்குக் கண்ணாடி முன் நின்று ஆடையைத் திருத்தும்போது, அங்கு வரவிருக்கும் எளியவர் ஒருவரின் முகத்தையும் எண்ணிக் கொள்ளுங்கள். கண்ணியமாக உடுத்தி, கண்ணியமாகப் பழகி, எவர் உள்ளமும் நோகாமல் அவையை விட்டு எழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.