டாக்டர்கள் மாறிச் சொன்னால் நாட்டுக் கட்டுக்கு ஓடுவதா?



நாயுடுபுரம் இறக்கத்தில் வழுக்கி என் அக்கா மகனுக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. எக்ஸ்ரேயைப் பார்த்த கொடைக்கானல் டாக்டர் மாவுக்கட்டு போதும் என்றார். மதுரை டாக்டர் ஆபரேஷன் என்றார். "டாக்டர்களுக்கே தெரியலை, நாட்டுக் கட்டு போடுவோம்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே கூச்சல்.

விடைத்தாள் திருத்தியவள் சொல்கிறேன். ஒரு மதிப்பெண் கேள்விக்கு எல்லோரும் ஒரே மார்க் போடுவோம், கட்டுரைக்கு மாறும். முறிவும் அப்படித்தான். வெளிக்கணு எலும்பு மூட்டு மட்டத்துக்குக் கீழே உடைந்ததா, மட்டத்திலா, மேலேயா என்று ஏ, பி, சி எனப் பிரிப்பது வெபர் முறை. இதில் டாக்டர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். கால் எப்படித் திருகி உடைந்தது என்று ஊகிக்கும் லாகே ஹான்சன் முறையில் வேறுபாடு அதிகம். 'பி' வகையில் மூட்டு உறுதியாக நிற்குமா என்பதையோ, படுத்தபடி எடுத்த படம் மட்டும் சொல்லிவிடாது.

மார்க் மாறினால் மறுமதிப்பீடு கேட்போம், விடைத்தாளைக் கிழிப்போமா?

டாக்டரிடம் கேளுங்கள்: மூன்று கோணத்தில் படம் எடுத்தாயிற்றா? காலை ஊன்றி நின்று எடுக்க வேண்டுமா? பின்பக்க எலும்பும் உடைந்திருந்தால் சி.டி. தேவையா? செல்போன் படம் போதாது, ஃபிலிமையே கொண்டுபோங்கள்.

மூட்டு கோணலாகக் கூடிவிட்டால், மலையில் வாழும் நமக்கு ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் ஆயுசுக்கும் வலிதான்.