மனச்சோர்வுக்கு மாத்திரைச் சீட்டு மட்டும் போதாது

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனச்சோர்வோடு வருகிறவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். தூக்கம் வரவில்லை, உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பார். சத்து மாத்திரை கிடைக்கும். கூடவே, 'மனசைத் தைரியமா வச்சுக்கோங்க' என்ற அறிவுரையும் கிடைக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை.

இதை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனச்சோர்வுக்கு மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்க மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முறையான பயிற்சியும் கண்காணிப்பும் இருந்தால் உள்ளூர்க்காரர்களே கொடுக்கலாம்.

தைரியம் சொல்வது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் செய்த ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்தும் வசதி சில நாய்களுக்கு இருந்தது. வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் என்ன செய்தாலும் அது நிற்காது. பிறகு, தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டபோது முதல் வகை தாண்டியது. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு வலியைத் தாங்கின. கொடூரமான சோதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் தொடர்ச்சி அதிகம் பேசப்படுவதில்லை. படுத்துவிட்ட நாய்களைக் கயிறு கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுத்துப் போனார்கள். பலமுறை இழுத்த பிறகு அவை தாமாகவே தாண்டத் தொடங்கின. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், முடங்குவது கற்றுக்கொண்ட ஒன்று என்ற தங்கள் பழைய கருத்தை அதே இருவரும் தலைகீழாகத் திருத்தினார்கள். நீடித்த துன்பத்தில் முடங்குவது மூளையின் இயல்பான பதில், 'நான் செய்தால் மாறும்' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள்.

கையறுநிலையில் இருப்பவருக்கு வாதமோ உபதேசமோ உதவாது, செய்து பார்த்த அனுபவம்தான் உதவும் என்று இதிலிருந்து இந்த அமைப்பு புரிந்துகொள்கிறது. நாய்க்குக் கயிறு கட்டலாம், மனிதருக்கு முடியாது. அங்கேதான் சிகிச்சையாளர் தேவைப்படுகிறார்.

அந்தச் சிகிச்சையாளர் உள்ளூர்க்காரராகவே இருக்கலாம் என்பதைக் கோவாவில் 'சங்காத்' நிறுவனமும் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவும் செய்து காட்டின. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேர் ஆய்வில் சேர்ந்தனர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பைக் கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச்சுவழிச் சிகிச்சையும் கிடைத்தது. ஆலோசகர்கள் யாரும் மருத்துவமோ உளவியலோ படித்தவர்கள் அல்லர், சில வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் அச்சாயின. ஓராண்டுக்குப் பிறகும் பலன் தங்கியிருந்தது.

அந்த அமர்வில் அப்படி என்னதான் நடக்கிறது? ஆறு மாதமாக மெஷினைத் தொடாத ஒரு தையல்காரப் பெண் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'எதுலயும் மனசு ஒட்டல' என்கிறார். ஆலோசகர் அதை மறுத்துப் பேசுவதில்லை. 'போன வாரத்துல எந்த வேளையாவது கொஞ்சம் தேவலைன்னு இருந்துச்சாக்கா?' என்று கேட்கிறார். செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்த நேரம் என்று யோசித்துச் சொல்கிறார் அந்தப் பெண். அட்டவணையில் அது பதிவாகிறது. நாள் முழுக்கப் படுத்திருந்த வியாழக்கிழமை எப்படி இருந்தது என்பதும் பக்கத்திலேயே பதிவாகிறது. அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு ரவிக்கை, அதுவும் வெட்டி வைப்பது மட்டும். மனசு சரியானபின் வேலை செய்யலாம் என்ற வரிசையை மாற்றி, வேலையை முதலில் வைக்கிறது இந்த முறை. செய்ய முடியாமல் போனாலும் திட்டு விழாது. எது தடுத்தது என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006இல் தொடங்கிய திட்டத்தில், சுகாதார நிலைய வாசலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிமார்கள் சிகிச்சை தருகிறார்கள். அங்கே ஒரு நேரத்தில் ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்வு தேடுகிறார்கள். அதன் பலனும் 2016இல் ஆய்வாக வெளிவந்துள்ளது.

படிக்காதவர் கையில் மனநோயை ஒப்படைப்பது ஆபத்து என்று மருத்துவர்கள் சிலர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தற்கொலை எண்ணம், மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு ஆகியவை மருத்துவரிடமே போக வேண்டும். அவற்றை முதல் நாளே கண்டுபிடித்து அனுப்பத் தெரியாதவரை ஆலோசகராக உட்கார வைக்கக் கூடாது. கோவாவில் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, சக ஆலோசகர்கள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் சிகிச்சையை மட்டும் நகலெடுப்பதை இந்த அமைப்பு ஏற்கவில்லை. 64 சதவீதம் என்றால் மூன்றில் ஒருவருக்கு மேல் மீளவில்லை என்றும் பொருள். அவர்களுக்கு மருந்தோ வேறு சிகிச்சையோ தேவைப்படும். யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போதும், குடித்துவிட்டு வந்து கணவன் அடிக்கும்போதும், 'எல்லாம் உங்கள் எண்ணத்தில்தான் இருக்கிறது' என்று சொல்வது சிகிச்சையே இல்லை. 'பாசிட்டிவாக யோசியுங்கள்' என்று கட்டணம் வாங்கி நடத்தும் வார இறுதி வகுப்புகளை இந்த அமைப்பு சிகிச்சையாகக் கருதவில்லை.

மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைத்துத் தமிழிலும் பேசலாம். நெருக்கடி நேரத்துக்கு அது உதவும். ஆனால் வாரந்தோறும் ஒரே முகத்தைப் பார்த்துப் பேசும் சிகிச்சைக்கு அது மாற்று ஆகாது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விகளை அவர்கள் கேட்கலாம். சிகிச்சையையும் அவர்கள் தலையில் கட்டுவதுதான் தவறு. அதற்குத் தனி ஆலோசகர், தனிச் சம்பளம், மேற்பார்வையாளருக்கு நேரம், கதவு சாத்திப் பேச ஓர் அறை வேண்டும். இவற்றுக்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்காமல் வரும் எந்த அறிவிப்பையும் இந்த அமைப்பு ஆதரிக்காது.