முகவரியே குற்றமாகும்போது: பிரேசிலில் ஃபங்க் பாடகர்கள் மீதான ஒடுக்குமுறை

2025 மே 29 அன்று ரியோ டி ஜெனிரோ காவல்துறை, ஃபங்க் பாடகர் எம்.சி. போஸே டோ ரோடோவைக் கைது செய்தது. மேற்சட்டையும் காலணியும் இன்றிக் கைவிலங்கிட்டு அவரை அழைத்துச் சென்ற காட்சி நாடெங்கும் பரவியது. குற்றச்செயல்களைப் போற்றிப் பாடுகிறார், கொமாண்டோ வெர்மெலோ என்னும் போதைக் கடத்தல் கும்பலோடு தொடர்புடையவர், அக்கும்பலின் பிடியிலுள்ள பகுதிகளில் நிகழ்ச்சி நடத்துகிறார் என்பன குற்றச்சாட்டுகள். சில நாள்களிலேயே நீதிமன்றம் அவரை விடுவிக்க ஆணையிட்டது. குறிவைக்கப்பட வேண்டியவர்கள் கும்பல் தலைவர்களே அன்றி எளியவர்கள் அல்லர் என்றும் நீதிபதி சுட்டிக்காட்டினார்.

மூன்றாவது குற்றச்சாட்டை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஃபவேலாவில் பிறந்த பாடகர் ஃபவேலாவில் பாடாமல் வேறெங்கு பாடுவார்? அப்பகுதிகளைக் கும்பல்களின் கையில் விட்டது பாடகரா, பள்ளியும் மருத்துவமனையும் வேலையும் தராத அரசா? இங்கு வாழிடமே சான்றாகவும், முகவரியே குற்றமாகவும் மாற்றப்படுகிறது.

2019இல் இசைக்கலைஞர் ரென்னன் ட பென்யாவுக்கும் இதுவே நேர்ந்தது. கீழ் நீதிமன்றம் விடுவித்த அவருக்கு மேல்முறையீட்டில் 6 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. காவல்துறையின் நடமாட்டத்தைப் பற்றி அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் உளவு வேலையாகக் கொள்ளப்பட்டன. துப்பாக்கிக் குண்டுகளிடமிருந்து குழந்தைகளைக் காக்க அங்கு வாழ்வோர் அன்றாடம் பரிமாறிக்கொள்ளும் எச்சரிக்கைகள் அவை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, சாவோ பாவ்லோவின் பரைசோபொலிஸ் ஃபவேலாவில் நடந்த ஃபங்க் நடன நிகழ்ச்சிக்குள் காவல்துறை புகுந்ததில் 9 இளைஞர்கள் உயிரிழந்தனர்.

இந்த வெறுப்பு புதிதன்று. 1888இல் அடிமைமுறையை ஒழித்த பிரேசில், 1890ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் கறுப்பின மக்களின் கபோய்ராவைக் குற்றமாக்கியது. பின்னர் சம்பா இசைக்கலைஞர்களும் காவல்துறையால் துரத்தப்பட்டனர். இன்று அவ்விரண்டும் நாட்டின் பெருமிதங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஃபவேலாக்களில் வாழும் 1 கோடியே 64 லட்சம் பேரில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவருமே. ஃபங்க் மீதான வெறுப்பு யார்மீதான வெறுப்பு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஃபவேலாவின் துப்பாக்கிகளையும் போதைப்பொருளையும் காட்டிய 'சிட்டி ஆஃப் காட்' திரைப்படம் 4 ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. ஃபவேலாவுக்கு வெளியிலிருந்து வந்த அதன் இயக்குநருக்கு எவரும் விலங்கிடவில்லை. அதே வாழ்வை உள்ளிருந்து பாடுபவருக்கே விலங்கு.

ஃபங்க் பாடல்கள் அனைத்தையும் நாம் போற்றவில்லை. கும்பல் புகழ்ச்சியும் பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் கண்டிக்கத்தக்கவை. ஃபவேலாவின் பெண் பாடகர்களே அவற்றுக்குத் தம் பாட்டால் விடையளித்து வருகின்றனர். எம்.சி. கரோல் ஆணாதிக்கத்தையும் காவல்துறை வன்முறையையும் ஒருசேர எதிர்த்துப் பாடுகிறார். பாட்டுக்கு மறுமொழி பாட்டே, சிறை அன்று.

ஃபங்க் ஒரு பண்பாட்டு இயக்கம் என்றும், அது தொடர்பானவற்றை முதன்மையாகப் பண்பாட்டுத் துறையே கையாள வேண்டும் என்றும் 2009இல் ரியோ மாநிலமே சட்டம் இயற்றியுள்ளது. அச்சட்டத்தை மதிக்க வேண்டிய முதல் கடமை அம்மாநிலக் காவல்துறைக்கே உரியது.